மூன்றாம் சுற்றுக்குப் பின்

அவன் இல்லை டீச்சர். நேற்றே அனுப்பியாயிற்று.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. அது என்ன பையில், முறுக்கா? உங்கள் பகல்நேர மையத்துப் பிள்ளைகள் பிழிந்ததா? திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இந்த வீட்டில் தின்பதற்கு இப்போது நான் ஒருவன்தான். எனக்குப் பல் சரியில்லை.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஆவுடையப்பன் பத்துப் பேரில் ஒருவன். காலையில் வருவான், மத்தியானம் போவான். எனக்கு அவன் ஒரே தம்பி. பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில் ஒருநாள் லேத் மெஷின் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று வீட்டுக்கு ஓடி வந்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவனுக்குச் சோறு போட்டது என் சம்பளம். மனச்சிதைவு என்று பெயர் சொல்ல டாக்டர் இருக்கிறார், அனுதாபப்பட நீங்கள் இருக்கிறீர்கள். சம்பளம் நான். இப்படி ஒருவன் இருக்கிற வீட்டுக்குப் பெண் தர ஆள் வரவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, பேச்சுக்கு வந்தது.

நான் வகுப்பில் பேசுவது போலத்தான் வீட்டிலும் பேசுவேன். தெளிவாக, நிறுத்தி. கத்தமாட்டேன். அம்பாசமுத்திரத்தில் எந்தப் பையனிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், பலவேசம் சார் கத்திக் கேட்டிருக்கிறாயா என்று. கரும்பலகைக்குக் கூப்பிடுவேன். கணக்கைப் போடச் சொல்லுவேன். தப்பாகப் போடுவான். நான் வாயைத் திறக்கமாட்டேன். வகுப்பு சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தப் பையன் சாகும்வரை அந்தத் தப்பைத் திரும்பப் பண்ணமாட்டான். இதுதான் படிப்பு. தப்பு விட்டால்தான் பாடம் நிற்கும்.

நீங்கள் வந்து தலைகீழாகச் சொன்னீர்கள். என்னிடம் சொல்லவில்லை, என் அம்மாவிடம் சொன்னீர்கள். 'தெரியுமான்னு கேக்காதீங்கம்மா. நீங்க கூட நின்னு செஞ்சு காட்டுங்க. தப்பு விட விடாதீங்க. அவங்களுக்குத் தப்புத்தான் முதல்ல ஒட்டும். ஒட்டுனா போகாது.' அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பெரியவன் முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்க்கிறானே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை.

நானும் அவனுக்குச் சொல்லித் தராமல் இல்லை. தினமும் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் கேட்பேன். இன்றைக்கு என்ன கிழமை? முதல் நாள் 'வியாழன்' என்றான். அன்று திங்கள். தப்பு, யோசித்துச் சொல் என்றேன். மறுநாளும் வியாழன். அதற்கு மறுநாளும் வியாழன். வாரத்தில் ஒருநாள் அவனுக்கு முழு மதிப்பெண். நான் விடவில்லை, வருடக்கணக்காகக் கேட்டேன். வியாழன், வியாழன், வியாழன்.

காஸ் அடுப்பும் அப்படித்தான். எந்தப் பக்கம் திருகினால் அணையும் என்று கேட்டேன். தப்பாகத் திருகினான். பிறகு கை அந்தப் பக்கமே போனது. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அவன் கைமேல் தன் கையை வைத்துத் திருகினாள். பச்சைப்பிள்ளைக்கு 'அ' எழுதிப் பழக்குகிற மாதிரி. கொஞ்ச நாளில் அவனே சரியாக அணைத்தான். நான் கேட்டேன்: 'எந்தப் பக்கம்லே திருகின?' முழித்தான். 'தெரியலண்ணே' என்றான். கை செய்கிறது, வாய் தெரியாது என்கிறது. நடிப்பு என்று நான் நினைத்தது தப்பா? சைக்கிள் செயின் கழன்றால் பேசிக்கொண்டே மாட்டுகிறவனுக்குக் கிழமை தெரியாதா?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா சொன்னாள், 'நீ கேக்கதுனாலதான் அவனுக்கு மறக்கு.' எப்படி இருக்கிறது? என்னால் மறக்கிறதாம்.

பங்குனியில் அம்மா போய்விட்டாள். நீங்களும் வந்திருந்தீர்கள், மாலையோடு. ஆனால் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை, அதனால் உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்லுகிறேன். கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளையவன். அப்பாவுக்கு நான் வைத்தேன். அம்மாவுக்கும் நான்தான் வைப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சித்தம் கலங்கினவன் கையில் யாராவது சுடுகாட்டில் குடத்தைக் கொடுப்பார்களா? வீட்டில் உடம்பு கிடக்கிறது, ஊரே கூடியிருக்கிறது, அப்போது சிதம்பரம் மாமா, அம்மாவின் தம்பி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொல்லுகிறார்: 'மருமவனே, அக்கா எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கா. ஆவுடைதான் குடம் எடுக்கணும்.'

'அவனுக்கு என்ன தெரியும் மாமா?'

'தெரியும்னு அக்கா சொன்னா.'

'அப்படியா? கேட்டுப் பார்த்துவிடுவோம்' என்றேன். நியாயம்தானே? எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள முடியுமா? அவனை அம்மாவின் தலைமாட்டில் நிறுத்தினேன். எல்லாரும் கேட்கும்படி, நிதானமாக, ஒவ்வொன்றாகக் கேட்டேன். குடம் எந்தத் தோளில்? முழித்தான். எந்தப் பக்கமாகச் சுற்றணும்? 'வலப்பக்கம்' என்றான். கோயிலில்தானே வலம் வருவார்கள் டீச்சர், சுடுகாட்டில் இடப்பக்கம். கூட்டத்தில் ஒருத்தன் 'ச்சொ' என்றான். குடத்தை எப்படிப் போடணும்? அவன் அம்மாவைப் பார்த்தான். 'அங்க என்னலே பாக்க? அவ எந்திரிச்சு வந்து சொல்லித் தரமாட்டா' என்றேன்.

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ஆற்றங்கரையில் எனக்கு மொட்டை போட்டு, மீசை எடுத்து, முங்கி எழுந்து, ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே மேலே ஏறி வருகிறேன். சடங்கு செய்து வைக்கிற மாடசாமி குடத்தில் தண்ணீர் நிரப்பிக் கீழே வைத்திருக்கிறான். அதை ஆவுடை எடுத்துத் தோளில் வைத்து நடக்கத் தொடங்கிவிட்டான். இடது தோள். நான் ஓடினேன். மாமா கையைக் குறுக்கே நீட்டி மறித்தார். 'குடம் தோள் ஏறிட்டு. இனித் தடுக்கப்படாது.'

இடப்பக்கமாகச் சுற்றினான். தலைமாட்டுக்கு வந்ததும் தானாக நின்றான், மாடசாமி கத்தி முனையால் குடத்தைத் தட்டினான், தண்ணீர் பீச்சியது. மறுபடி நடந்தான். ஒரு அடி முன்னே பின்னே இல்லை. மூன்றாம் சுற்று முடிந்ததும் திரும்பாமல் குடத்தை முதுகுக்குப் பின்னால் போட்டான். சில்லுச் சில்லாக உடைந்தது. 'சபாசு' என்று யாரோ சொன்னார்கள். சுடுகாட்டில் சபாசு! நான் உடம்பு முழுக்க ஈரத்தோடு நிற்கிறேன்.

அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டியபடியே கொள்ளியை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். இவன் திரும்பினான். சிதைப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். அம்மாவின் கைப் பக்கமாகத் தன் வலது கையை நீட்டினான்.

'எந்திரிம்மா. மூணு முடிஞ்சிட்டு. எந்திரி.'

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அவன் கையை எடுக்கவில்லை. 'கையைப் புடிம்மா' என்றான். பின்னால் எவனோ சிரித்தான். அந்தச் சிரிப்பு இவனுக்கு இல்லை டீச்சர், எனக்கு. எங்கள் வீட்டுக்கு. நான் அவனை அறைந்தேன். ஒரே ஒரு அறை. கொள்ளியை மாடசாமி கையிலிருந்து வாங்கி நானே வைத்தேன். ஆகவே கொள்ளி வைத்தது நான். இதை ஊரில் மாற்றிச் சொல்லுகிறார்கள், ஆவுடைதான் எல்லாம் செய்தான் என்று. நீங்களும் அப்படிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொள்ளி வைத்தது நான்.

வீடு திரும்புகிற வழியில் மாமா என் பக்கத்தில் நடந்து வந்தார். 'ஒனக்குப் பிள்ளையுமில்ல, குட்டியுமில்ல. நாளைக்கு ஒனக்கு யாரு குடம் தூக்குவா மருமவனே? கை நீட்டி அடிக்க!' என்றார். துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது. அடுத்த வீட்டு மைதீன் பாத்து, பின்பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுகிறவள், அவள்தான் சொன்னாள். 'சாரே, அந்தப் பிள்ளைய அடிச்சீயளாமே. அவன் என்ன செய்வான், படிச்சதைத்தானே செஞ்சான்' என்றாள். என்ன படித்தான் என்று கேட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போன பிறகு மத்தியானங்களில் அம்மா பின்கட்டில் பாயை விரிப்பாளாம். ஆரம்பத்தில் இவன் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றி நடந்தாளாம், பிளாஸ்டிக் குடத்தில் பாதித் தண்ணீரோடு. ஒரு தடவைகூட வலப்பக்கம் திரும்ப விடவில்லையாம். கால் பழகின பிறகு பாயில் மல்லாந்து படுத்துக்கொள்வாளாம். இவன் தன்னந்தனியாகச் சுற்றுவானாம். என் அம்மா, டீச்சர். உயிரோடு. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு.

'ஏன்க்கா, உசுரோட இப்படிப் படுக்கியே, நல்லாவா இருக்குன்னு கேட்டேன் சாரே. அதுக்குச் சிரிக்கா. ஏ பாத்து, நான் போன அன்னைக்கு இவனை நிறுத்தி வச்சுக் கேள்வி கேப்பாவ. கேட்டா இவனுக்குத் தெரியாது. காலுக்குத் தெரிஞ்சாப் போதும்னா.'

நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்றாளாம். யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவைச் சொல்லியிருப்பாள், அவருக்கு எதிலும் சந்தேகம்.

குடத்தைப் போட்டதும் பாடம் முடிந்தது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. தரையில் படுத்தால் ஆள் தூக்காமல் எழுந்திருக்க முடியாது. ஆகவே கையை நீட்டுவாள். இவன் திரும்பிக் குந்தி உட்கார்ந்து, கையைப் பிடித்துத் தூக்கிவிடுவான். அப்படியே பிடித்தபடி அடுப்படிக்குப் போய் இரண்டு பேரும் கருப்பட்டிக் காப்பி குடிப்பார்களாம். தினமும். சனி, ஞாயிறு கிடையாது. அன்றைக்கு நான் வீட்டில் இருப்பேனே.

பார்த்தீர்களா? தப்பே விடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அம்மாவும் தப்பே இல்லாமல்தான் சொல்லிக் கொடுத்தாள். தான் எழுந்திருப்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். அவன் படித்தது குடம் உடைப்பதை இல்லை. அம்மாவை எழுப்புவதை. நீங்கள் ஏதோ முறுக்குப் பிழியவும் துணி மடிக்கவும் பழக்குங்கள் என்றீர்களாம், இது உங்களுக்குத் தெரியாதாம். தெரியாது என்பது வாத்தியார் சொல்லக் கூடிய பதிலா?

அழாதீர்கள். அழுதால் நான் பேச முடியாது.

முழு ஆண்டு விடுமுறை வந்தது. நான் நாள் முழுக்க வீட்டில். காப்பி நேரம் வந்ததும் அவன் குடத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவான். மூன்று சுற்று. பின்னால் போடுவான், பிளாஸ்டிக் குடம் 'டொக்' என்று விழுந்து உருளும். திரும்பிக் குந்தி உட்கார்ந்து வெறுந்தரைக்குக் கையை நீட்டுவான். பிறகு அசையமாட்டான். இருட்டினாலும் அசையமாட்டான். கொசு கடித்தாலும் அந்தக் கை இறங்காது. குடத்தை ஒளித்து வைத்தேன். வெறுந்தோளோடு சுற்றினான். நான் கேட்டேன், என் வழக்கப்படி.

'அம்மா எங்கலே?'

'செத்துட்டா.'

'குடம் உடைச்சது யாரு?'

'நான்தான்.'

'பொறவு என்னத்துக்குக் கையை நீட்டுத?'

'எந்திரிக்கணும்லா.'

இப்படிப்பட்டவனுக்கு நீங்கள் வைத்தியம் சொன்னீர்கள். போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னீர்கள். 'படிஞ்சத அழிக்க முடியாது சார். அதோட கடைசில இன்னொன்ன சேக்கலாம். அவர் கைய நீட்டும்போது நீங்க புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்து காப்பி குடுங்க. கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் சுத்தாமலே காப்பிக்கு வரப் பழக்கலாம்.' நான் என்ன கேட்டேன்? நான் பிணமா என்று கேட்டேன். அந்தக் கை நீட்டினது யாருக்கு, எனக்கா? வேறொருத்திக்கு நீட்டின கையை நான் எதற்குப் போய்ப் பிடிக்க வேண்டும்?

அந்தக் கை எனக்கு ஒருநாளும் நீண்டதில்லை. அது வேறு விஷயம்.

மதுரைக்கு இந்தப் பக்கம் ஒரு இல்லம். விசாரித்தேன், போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம். கட்டில், விசிறி, மருந்து எல்லாம் நேரத்துக்கு. நேற்று வேன் வந்தது. கூட வந்தவர் நல்ல மாதிரி. இவனிடம் பேச்சுக் கொடுத்தார். 'இன்னைக்கு என்ன கிழமைங்க?' என்றார். 'வியாழன்' என்றான். 'கரெக்டாச் சொல்றாரே சார்' என்று என்னைப் பார்க்கிறார். நேற்று வியாழக்கிழமை.

வேனைப் பார்த்ததும் இவனுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இரண்டு ஆள் இழுத்தும் வரவில்லை. தெருவே வந்துவிட்டது. மைதீன் பாத்து வாசலில் நின்று, 'அல்லா, விடுங்களேன் அந்தப் பிள்ளைய' என்று கத்துகிறாள். நான் திண்டாடுகிறேன். வேன்காரர் நேரமாகிறது என்கிறார். கொஞ்ச நேரம் ஆறட்டும் என்று எல்லாரும் கையை எடுத்தோம். காப்பி நேரம் வந்தது. அவனாகக் கம்பியை விட்டான். பின்கட்டுக்குப் போனான்.

நான் பின்னாலேயே போனேன். சுற்றி முடிக்கட்டும் என்று நின்றேன். மூன்று சுற்று. திரும்பினான், குந்தினான், கையை நீட்டினான்.

நான் பிடித்தேன்.

நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன்? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? 'எந்திரிச்சிட்டியா' என்றான். முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தான். எழுந்தான். அடுப்படி இடப்பக்கம், வாசல் நேரே. நான் நேரே நடந்தேன். வந்தான். இரண்டு ஆளுக்கு அசையாதவன், ஒரு சத்தமில்லாமல், கோயிலுக்குப் போகிற மாதிரி வந்து வேனில் ஏறினான். நான் ஏறினதும் ஏறினான் என்றுதான் சொல்ல வேண்டும். கையை விடவில்லையே, அதனால் நானும் ஏற வேண்டியதாயிற்று. அங்கே போய்ச் சேருகிறவரை விடவில்லை. வேர்த்து வழுக்கினால் இன்னும் இறுக்கிப் பிடித்தான். எனக்கு இன்னமும் விரல் மரத்திருக்கிறது.

இல்லத்து ஆபீசில் உட்கார வைத்துக் கேட்டார்கள். 'யார் கூட வந்தீங்க?'

'அம்மா கூட.'

நான் சொன்னேன், 'தப்பு. நல்லாப் பாரு. நான் யாரு?' பார்த்தான். 'அண்ணன்' என்றான். 'அப்போ யார் கூட வந்தே?' 'அம்மா கூட.' மறுபடி கேட்டேன். மறுபடி அம்மா. அந்த மேனேஜர், 'விடுங்க சார், கேக்கக் கேக்க அவருக்குக் குழப்பம்' என்கிறார். அவரும் உங்கள் ஆள் போலிருக்கிறது. ஆயா ஒருத்தி வந்து காப்பி டம்ளரை நீட்டினாள். அதை வாங்க என் கையை விட்டான். நான் வெளியே வந்துவிட்டேன்.

காலையில் அந்த மேனேஜர் போன் பண்ணினார். ராத்திரி சாப்பிடவில்லையாம். யார் வந்து பேசினாலும் ஒரே பேச்சாம். 'எங்கம்மா இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டா. நான் ஒரு தப்பும் விடலையே. சரியாத்தானே சுத்துனேன்' என்று கேட்கிறானாம்.

அம்மா செத்தபோது அவன் அழவில்லை, டீச்சர். ஒரு சொட்டு இல்லை. இப்போது அழுகிறானாம்.

இது அநியாயம். அனுப்பினது நான். முடிவு எடுத்தது நான். ஊர் என்னைத் திட்டட்டும், மாமா திட்டட்டும், நீங்கள் திட்டுங்கள். அவள் பெயரில் இது போகக் கூடாது. அம்மா என்னிடம் பாரபட்சமாக இருந்தாள், ஒரு காப்பிக்கு என்னைக் கூப்பிட்டதில்லை, எல்லாம் சரி. ஆனால் அவள் யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவள் இல்லை. அவனுக்கு அது தெரிய வேண்டும்.

தப்பு முதலில் ஒட்டினால் போகாது என்றீர்களே, அதைத்தான் கேட்கிறேன். இது ஒட்டிப் போச்சா? ஒரே தடவைதானே, ஒரு நாள்தானே ஆகிறது. ஏதாவது வழி இருக்குமில்லையா? உங்கள் படிப்பில் இதற்கு ஒன்றுமே இல்லையா? நீங்கள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் முறை எதுவோ அதன்படி, கொண்டுவந்து விட்டது அண்ணன் என்று சொல்லிக் கொடுங்கள். கேள்வி கேட்காமல் சொல்லிக் கொடுங்கள். எத்தனை நாள் ஆனாலும் சரி. போகவர பஸ் செலவு நான் தருகிறேன். இந்தாருங்கள், விலாசம். திருமங்கலம் தாண்டி இறங்க வேண்டும், மெயின் ரோட்டிலேயே போர்டு தெரியும். அந்த முறுக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நானா? நான் வரமாட்டேன்.

என்னைக் கண்டால் கையை நீட்டுவான்.